இரண்டு ஏடுகள், ஒரே எழுதுகோல்

ஆங்கிலத்தில் எழுதினால் கருத்து. அதையே தாய்மொழியில் எழுதினால் கலகம்! இப்படியும் ஒரு சட்டம் இருந்ததா என்று இளைஞர்கள் வியக்கக்கூடும். இருந்தது. 1878 மார்ச்சுத் திங்களில் லிட்டன் பிரபு கொண்டுவந்த நாட்டுமொழி ஏடுகள் சட்டம் அது. ஆங்கில ஏடுகளை அச்சட்டம் தொடவில்லை. இந்திய மொழி ஏடுகளின் கழுத்தில் மட்டும் கயிற்றை மாட்டியது. அச்சகத்தார் பிணை எழுதித்தர வேண்டும். அதிகாரியின் கண் சிவந்தால் அச்சுப்பொறி பறிபோகும். நீதிமன்றத்தில் முறையிடவும் வழியில்லை. கல்கத்தாவின் அமிர்தபஜார் பத்திரிகை, அப்பிடியினின்று தப்ப, வங்காள மொழியைக் கைவிட்டு முழு ஆங்கில ஏடாகவே மாறிற்று.

ஆபத்து எந்த மொழியிலிருந்து வரும் என்பதை ஆண்டவர்கள் அறிந்திருந்தனர். எழுதியவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தனர்? அறிந்த ஒருவரை, ஜி. சுப்பிரமணிய ஐயரை, இங்கே நிறுத்துப் பார்க்க விரும்புகிறோம். புகழ்மாலை சூட்டுவது நம் வேலையன்று. பிறந்த குலத்தைக் காட்டிப் பேச்சை முடித்துவிடுவதும் பகுத்தறிவாளர்க்கு அழகன்று. எழுதியதையும் செய்ததையும் தராசில் வைப்போம். முள் எப்பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம்.

1855இல் திருவையாற்றில் பிறந்த அவர், சென்னைக்கு வந்து பள்ளி ஆசிரியரானார். நம்மைப் போலச் சுண்ணக்கட்டி பிடித்த கை! 1878இல் முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டபோது, வெள்ளையர் நடத்திய ஏடுகள் எள்ளி நகையாடின. பதில் சொல்ல ஓர் ஏடு இல்லை. இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்டக்கல்லூரி மாணவர்களும் கூடினர். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 படிகள் அச்சிட்டனர். செப்டம்பர் 20ஆம் நாள் 'தி இந்து' பிறந்தது. வார ஏடாக வந்தது, 1889இல் நாளேடாக வளர்ந்தது.

இதற்குள் பெயர் வந்துவிட்டது, செல்வாக்கும் வந்துவிட்டது. 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. இத்தகைய நிலையை அடைந்தவர்க்குத் தமிழ் எதற்கு? ஆட்சியாளர் படிப்பது ஆங்கிலம். வழக்கறிஞர் படிப்பது ஆங்கிலம். பட்டமும் பதவியும் பேசுவது ஆங்கிலம். அப்படியிருந்தும், அவர் காங்கிரஸ் மேடை ஏறுவதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1882இல், சுதேசமித்திரனைத் தொடங்கியிருந்தார். லிட்டனின் சட்டத்தை ரிப்பன் காலத்து ஆட்சி நீக்கிய சூடு ஆறாத வேளை அது. அமிர்தபஜார் தாய்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இவர் ஆங்கிலத்திலிருந்து தாய்மொழிக்கு வந்தார். அவருடைய வாழ்க்கையில் நாம் முதலில் போற்றுவது இந்தத் திருப்பத்தையே.

அடுத்த திருப்பம் இன்னும் கடுமையானது. சீர்திருத்தத்தை ஏட்டில் எழுதுவோர் அன்றும் பலர். வீட்டில் நடத்துவோர் சிலர். குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு, 1889இல், காங்கிரஸ் கூடிய நாட்களில், பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார் சுப்பிரமணிய ஐயர். வைதிகம் சும்மா இருக்குமா? சாதியார் ஒதுக்கினர், உற்றார் விலகினர். மேடையில் கைதட்டியவர்கள் வாசலில் கால்வைக்க அஞ்சினர். அவருடைய சீர்திருத்தக் கடுமை ஏட்டுக்கும் பகை தேடித் தந்தது, பணமுடையும் சேர்ந்தது. 1898இல் தாம் பெற்று வளர்த்த ஆங்கில ஏட்டை விட்டு வெளியேறினார். கையில் மிஞ்சியது தமிழ் ஏடு. அதை 1899இல் நாளேடாக்கினார்.

தராசின் மறுதட்டையும் காட்டவேண்டும். அந்த மகள் குழந்தையாக இருந்தபோதே மணமுடிக்கப்பட்டவள்தானே? முதல் மணத்தை நடத்தியதும் அதே வீடுதானே? ஆம். தீ தம் கூரையைத் தொட்ட பிறகே பலர் விழிக்கின்றனர். அவரும் அப்படியே விழித்தார் என்று கூறுவோர் உண்டு. நாம் மறுக்கவில்லை. ஆனால் கூரை எரிந்தபோதும் "விதி" என்று திண்ணையில் அமர்ந்திருந்த ஆயிரம் தந்தையரை எண்ணிப் பார்த்த பிறகே தீர்ப்பு எழுதவேண்டும்.

அவருடைய தமிழையும் நாம் குறை கூறுவோம். ஏட்டின் பெயரே வடசொல். நடையிலும் வடசொல் மலிந்து கிடந்தது. உழவனும் நெசவாளியும் எடுத்தவுடன் படிக்கத்தக்க தமிழன்று. எனினும் வரவு செலவுத் திட்டத்தையும் வரிக்கொடுமையையும் தமிழில் பேசலாம் என்ற துணிவே அரிதாயிருந்த காலம் அது. 1897இல் இலண்டனில் வெல்பி ஆணையத்தின் முன் சாட்சி சொன்னவர், 1903இல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரக் கேடுகளை ஆங்கில நூலாக வெளியிட்டவர், அந்த அறிவைத் தமிழ் நாளேட்டுக்கும் கொண்டுவந்தார். ஆங்கிலத்துக்கு அரிசி, தமிழுக்குத் தவிடு என்று பங்கு பிரிக்கவில்லை. 1904இல் பாரதியை அழைத்துவந்து துணையாசிரியராக அமர்த்தியதும் அந்த ஏடே. கரடுமுரடான அந்த வயலில்தான் புதிய உரைநடை முளைத்தது.

இனி, வழக்கின் முடிவைக் கேளுங்கள். இருபது ஆண்டுகள் ஆங்கில ஏட்டில் ஆட்சியைக் கண்டித்தார்; சிறை வரவில்லை. 1908இல், சுதேசமித்திரனில் வந்த எழுத்துக்காக, அரசவெறுப்புக் குற்றம் சாட்டிக் கைது செய்தனர். சட்டப் புத்தகத்திலிருந்து லிட்டன் போய்விட்டார். ஆட்சியின் நெஞ்சிலிருந்து போகவில்லை! நோயால் நலிந்திருந்த அவர், நன்னடத்தைக்கு உறுதி எழுதிக் கொடுத்து வெளியே வந்தார். இது வீரத்தின் உச்சி என்று நாம் பொய் பேசமாட்டோம். அழுகிய உடலை வைத்துக்கொண்டு நின்ற ஒரு முதியவரை எள்ளவும் மாட்டோம். 1915இல் ஏடு பிறர் கைக்குச் சென்றது. 1916இல் அவர் மறைந்தார்.

முள் எப்பக்கம் சாய்கிறது? நம் கணிப்பில், அவர் பக்கமே. காரணம் ஒன்றுதான்: அரசியல் பற்றியும் சமுதாயம் பற்றியும் ஆங்கிலம் படித்தவனிடம் எதைச் சொன்னாரோ அதைத் தமிழ் படித்தவனிடமும் சொல்ல முனைந்தார், சொன்னதற்கு விலையும் கொடுத்தார்.

பட்டம் பெற்று வரும் தோழர்களே, நம் நிலை என்ன? ஆழ்ந்த ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். தமிழுக்கு வரும்போது வாழ்த்துரையும் வசைமொழியும் போதுமென்று நினைக்கிறோம். ஆங்கில அவையில் அடக்கமாகச் சொல்வதைத் தமிழ் மேடையில் அனல் பறக்க மாற்றுகிறோம். தமிழ் மேடையில் முழங்கியதை ஆங்கிலத்தில் கேட்டால் மழுப்புகிறோம். மொழிக்கு ஒரு முகம் வைத்திருப்பவன் இருமொழிப் புலவனா, இரட்டை நாக்கினனா?

வகுப்பறையில் நாம் மாணவரிடம் ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கச் சொல்கிறோம். பொருள் குறைந்தால் மதிப்பெண் குறைக்கிறோம். அந்தச் சிவப்பு மையால் நம் எழுத்தையும் ஒருமுறை திருத்திப் பார்ப்போம்.