ஓடினால்தான் படைப்பு

2004இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் ஒரே படைப்பை அருகருகே இரண்டு வடிவங்களில் காட்சிக்கு வைத்தது. கிரஹாம் வைன்பிரென், ராபர்ட்டா ஃபிரீட்மன் இருவரும் 1980களின் முற்பாதியில் உருவாக்கிய 'தி ஏர்ல் கிங்' அது. கேதேயின் கதைப்பாடலும், ஃபிராய்டு எழுதிய எரியும் குழந்தைக் கனவும் அதில் பின்னிக் கிடக்கின்றன. பார்வையாளர் திரையைத் தொட்டதும் படம் வேறொரு காட்சிக்குத் தாவும். எப்போது தொடுகிறார் என்பதைப் பொறுத்துக் கதையின் போக்கும் மாறும். ஒரு பக்கம் பழைய சோனி எஸ்எம்சி-70 கணினியும் லேசர் டிஸ்க் கருவிகளும் இருந்தன. பக்கத்திலேயே புதிய கணினி ஒன்று. அதிலும் ஓடியது பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட அதே பழைய நிரல்தான். பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்று இடையில் நின்று அதை ஓட்டியது.

வேறு வழியும் உண்டு. ஷு லீ சேங்கின் 'பிராண்டன்' என்ற இணையப் படைப்பில் இருந்த ஜாவா ஆப்லெட்களை இன்றைய பிரவுசர்கள் ஏற்பதில்லை. அதனால் அதே அருங்காட்சியகம் அந்தப் பகுதிகளைப் புதிதாக எழுதிச் சேர்த்தது. என் சாய்வு எமுலேஷன் பக்கம். ஏனென்றால் எது படைப்பு, எது கருவியின் குணம் என்று நிரலைத் திருத்தி எழுதுபவர் முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். அந்த முடிவு அவ்வளவு எளிதில்லை.

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' (1978) என்ற வீடியோ விளையாட்டு அதற்கு நல்ல சாட்சி. எதிரிகள் சாகச் சாக மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள்; ஆட்டத்தின் பதற்றமே அதில்தான். ஆனால் அந்த வேகம் முதலில் திட்டமிட்டு வைத்ததல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அன்றைய மெதுவான கருவிக்குச் சுமை இறங்கியது. ஆட்டத்தை உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ அதைப் பிழையென்று நீக்காமல் அப்படியே விட்டுவிட்டார். 'டக் ஹண்ட்' விளையாட்டில் வரும் துப்பாக்கியின் கதை வேறு. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் ஒளியை நம்பி அது செய்யப்பட்டது. இன்றைய தட்டைத் திரையை நோக்கிச் சுட்டால் ஒன்றும் விழாது. நிரல் ஒரு பைட்கூடச் சிதையாமல் கையில் இருந்தும் ஆட்டம் இல்லை.

காப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 ஆர்கேட் பலகையில் (1993) சிக்கலைத் தயாரிப்பாளரே கட்டிவைத்தார். நகலெடுப்பதைத் தடுக்க நிரலைப் பூட்டி, திறவுகோலை பேட்டரி தயவில் வாழும் நினைவகத்தில் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் பலகை செத்தது. ரசிகர்கள் வைத்த பெயர் 'தற்கொலை பேட்டரி'. அந்தப் பூட்டை உடைத்தவர்கள் ஊதியமில்லாத ஆர்வலர்கள். எந்த அருங்காட்சியகமும் அல்ல. 1997இல் நிகோலா சல்மோரியா தொடங்கிய 'மாமே' எமுலேட்டரும் இத்தகையவர்களின் உழைப்பால் வளர்ந்ததுதான். டிஜிட்டல் படைப்புகளைப் பாதுகாக்கும் இந்தத் துறையின் அடித்தளத்தில் பாதி, சட்டம் முகம் சுளிக்கும் இடத்தில்தான் எழுந்திருக்கிறது.

பலர் சேர்ந்து ஆடும் உலகங்களில் எமுலேட்டரும் கைவிரிக்கிறது. நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகம் 2012இல் 14 விளையாட்டுகளைச் சேகரிப்பில் சேர்த்தது. அவற்றுள் ஒன்றான 'ஈவ் ஆன்லைன்' ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வணிகமும் போரும் நடத்தும் விண்வெளி. அந்த உலகின் ஒரு நாளைக் காட்டும் வீடியோவைத்தான் மோமாவால் காட்சிக்கு வைக்க முடிந்தது. தேர்த்திருவிழாவின் வீடியோவைத் திருவிழா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்த வீடியோவை வேண்டாமென்று தள்ள எனக்கு மனமில்லை. சர்வர் போன பிறகு மிஞ்சப்போவது அதுவும் ஆடியவர்களின் நினைவுகளும்தான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை உரிமைச் சட்டம். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கண்டறிந்தது. ஆய்வாளர்கள் இவற்றை நூலகத்திலிருந்து தொலைவழியே ஆடிப்பார்க்க அனுமதி கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. அதே ஆண்டு மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' விளையாட்டின் சர்வர்களை அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன் பிறகு ஆட முடியவில்லை. அதையொட்டி எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனு ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. ஆதரவை நிறுத்தும்போது ஆட்டத்தை ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. செலவு கட்டுப்படியாகாது என்கிறது விளையாட்டுத் தொழில்துறை. உருவாக்கத் தொடங்கும் நாளிலேயே முடிவுக்கும் திட்டமிட்டால் அந்தச் செலவு பெரிதாகாது என்கிறார்கள் இயக்கத்தினர்.