பிழைத்ததற்கு ஒரு விலை

தேனியில் இருந்துகொண்டு பாரதிராஜாவைக் குறை சொல்வது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து தாய்மாமனைக் குறை சொல்வதைப் போன்றது. அல்லிநகரத்துச் சின்னச்சாமி சுகாதாரத் துறை வேலையை விட்டுச் சென்னைக்குப் போனது, கன்னட இயக்குநர் புட்டண்ணா கணகாலிடம் உதவியாளராக இருந்தது, 1977இல் ‘16 வயதினிலே’ எடுத்தது என்று அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த ஆண்டே ‘கிழக்கே போகும் ரயில்’, ‘சிகப்பு ரோஜாக்கள்’ இரண்டும் வந்தன. கிராமத்துக் காதலை எடுத்த கையோடு, பெண்களைத் தேடித் தேடிக் கொல்லும் நகரத்துப் பணக்காரனையும் எடுத்தார். ‘வேதம் புதிது’ சாதியைப் பேசியது. பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்தார், நடிகரானார், 2023இல் ‘மாடர்ன் லவ் சென்னை’ இணையத் தொடரில் ஒரு பகுதியை இயக்கினார். எந்த வகையும் அவர் கைக்கு வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

என் கேள்வி வேறு. அவர் இவ்வளவு தூரம் வந்தபோது அவருடைய பெண்கள் எவ்வளவு தூரம் வந்தார்கள்?

மயிலிடமிருந்து தொடங்கலாம். பள்ளிப் படிப்பை முடித்த மயில் டீச்சராக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். படம் முடியும்போது அவள் ரயில் நிலையத்தில் சப்பாணிக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்காகக் கொலை செய்துவிட்டுச் சிறைக்குப் போனவன் அவன். அந்தக் காத்திருப்பைப் பார்த்துத் தமிழ்நாடே உருகியது. டீச்சர் ஆசை எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாதபடி அவள் முகத்தை அவ்வளவு அழகாகக் காட்டியிருந்தார். அவர் படங்களில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். பெண்ணின் ஆசையைக் கேமரா கிட்டே போய்ப் பார்க்கும். அந்த ஆசைக்கான விலையைத் திரைக்கதை வசூலித்துவிடும்.

விதிவிலக்கு உண்டு. 1984இல் வந்த ‘புதுமைப் பெண்’ணில் சிறையிலிருக்கும் கணவனை மீட்க ரேவதி போராடுகிறாள். வெளியே வந்தவன் அவளையே சந்தேகப்படுகிறான். அவள் அவனை விட்டுப் போய்விடுகிறாள். கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கதை எங்களுக்குப் புதிதல்ல. விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள், பொழுதடைந்து திரும்பும்போது இதே சந்தேகத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவள் கூலியில் வாங்கிய அரிசி உலையில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கேள்வி வரும். ஆனால் அந்த ஜீப்பு அவருடைய பிரபலமான கிராமப் படங்கள் எதிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை. காதலிக்கிற, காத்திருக்கிற, ஆடு மேய்க்கிற பெண் உண்டு. திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காட்டிலும் கூலிக்குப் போகிறவள் இல்லை. நம் ஊர் என்று நாம் கொண்டாடும் ‘16 வயதினிலே’ கிராமத்தைப் பெரும்பாலும் கர்நாடகத்தில்தான் படம்பிடித்தார்கள். இடம் மாறியது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. உழைப்பு விடுபட்டதுதான் குறை.

‘புதுமைப் பெண்’ணுக்கு அடுத்த ஆண்டு ‘முதல் மரியாதை’. மலைச்சாமிக்கும் குயிலுக்கும் இடையிலான அன்பை இன்றும் கண்ணீரோடு பேசுகிறோம். பொன்னாத்தாவைப் பற்றி யார் பேசினார்கள்? ஒருவனால் ஏமாற்றப்பட்டு வயிற்றில் பிள்ளையோடு நின்றவளை மாமனின் மானத்துக்காகக் கட்டிக்கொண்டு, ஆயுள் முழுக்கத் தொடாமல் இருந்தவன் நமக்குப் பெரிய மனிதன். தொடப்படாமல் முப்பது வருஷம் அதே வீட்டில் சோறு பொங்கியவள் வாயாடி. வடிவுக்கரசியின் நடிப்பை மறுபடி பாருங்கள். அந்தக் கத்தலுக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. படம் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இதையெல்லாம் தாண்டி நிற்பது 1994இல் வந்த ‘கருத்தம்மா’. பெண் சிசுக்கொலையை உசிலம்பட்டி, தேனிப் பக்கத்து மண்ணிலிருந்தே பேசிய படம். குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. நான் சிறுமியாக அம்மாவோடு போய்ப் பார்த்தேன். கள்ளிப்பால் என்ற சொல் வந்ததும் எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். இடைவேளையில்கூட முறுக்கு வாங்க யாரும் எழுந்திருக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை. அந்த மௌனத்தைத் திரைக்குக் கொண்டுவந்ததற்காக அவருக்கு நான் கடன்பட்டவள்.

ஆனாலும் வளர்ந்த பிறகு ஒன்று உறுத்துகிறது. கொல்லச் சொன்ன குழந்தையை ஒரு வாத்தியார் காப்பாற்றி வளர்க்கிறார். அவள் டாக்டராகத் திரும்பி வந்து, முடங்கிக் கிடக்கும் அதே தகப்பனுக்கு வைத்தியம் பார்க்கிறாள். தியேட்டர் அழுதது. பெண் பிள்ளை என்றைக்காவது உதவுவாள், அதனால் கொல்லாதே என்பதா செய்தி? அப்படியானால் டாக்டராகாதவள், பத்தாவதில் தோற்றுத் திராட்சை வெட்டப் போனவள், தகப்பனுக்கு வைத்தியம் பார்க்க மறுத்தவள்? பிழைத்திருப்பதற்கே பெண் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மூத்தவள் செத்தும், அடுத்தவள் கொலை செய்தும் அந்த விலையைத் தருகிறார்கள்.

வாழ்க்கை வேறு முடிவுகளை எழுதியது. ‘கிழக்கே போகும் ரயி’லில் அவர் அறிமுகப்படுத்திய ராதிகா, 1999இல் ‘சித்தி’ தொடர் மூலம் தயாரிப்பாளராகவும் நாயகியாகவும் வீட்டுக் கூடங்களைப் பிடித்தார். பாரதிராஜா ‘தெக்கத்திப் பொண்ணு’ தொடரோடு சின்னத்திரைக்கு வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. ஆஷாவுக்கு ரேவதி என்று பெயர் வைத்து ‘மண்வாசனை’யில் நடிக்க வைத்தவர் அவர். அந்த ரேவதி 2002இல் ‘மித்ர் மை ஃப்ரெண்ட்’ படத்தை இயக்கினார். அவர் கைபிடித்து உள்ளே வந்த பெண்கள், அவர் கதாநாயகிகளைப் போல ரயில் நிலையத்தில் நிற்கவில்லை.

எனக்கு இன்னும் ஒரு படம் பார்க்க வேண்டும். கள்ளிப்பாலுக்குத் தப்பிய ஒருத்தி யாரையும் காப்பாற்றாமல், யாருக்காகவும் காத்திருக்காமல், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்து, வெற்றிலை போட்டு, ஊர்வம்பு பேசி, கிழவியாகிச் சாகிற படம். அவள் பிழைத்ததற்கு யாரும் காரணம் கேட்கக் கூடாது.