500 கிராம் தைரியம்: நிர்பீக் ரிவால்வர் பற்றி ஒரு விமர்சனம்

நொய்டாவில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்குப் போன் பண்ணினாள். ஆபீஸ் கேப் காலனி கேட்டிலேயே இறக்கி விட்டிருக்கிறது. அங்கிருந்து வீடு வரைக்கும் ஒரு பைக் மெதுவாகப் பின்னாலேயே வந்திருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் போய்ப் பூட்டிய பிறகும் அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டாள்: "அண்ணா, லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வாங்கிடட்டுமா? பொண்ணுங்களுக்குன்னே ஒண்ணு இருக்காமே. நீங்க எதையும் தோண்டிப் படிப்பீங்கல்ல, பார்த்துச் சொல்லுங்க."

நான் துப்பாக்கி ஆசாமி இல்லை. என்.சி.சி.யில் பாயின்ட் 22 ரைபிளில் ஐந்து ரவுண்டு சுட்டதோடு சரி. ஆனாலும் கேட்டுவிட்டாள். மூன்று வாரம் படித்ததன் குறிப்பு இது.

பெயரும் பெட்டியும்

அவள் சொன்னது நிர்பீக். 2014 ஜனவரியில் கான்பூரில் இருக்கும் அரசு பீரங்கித் தொழிற்சாலை வெளியிட்டது. பாயின்ட் 32 அளவு, டைட்டானியக் கலப்பு உலோகம், எடை 500 கிராம், அன்றைய விலை 1,22,360 ரூபாய். 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பேருந்தில் கொடூரத்துக்கு ஆளான பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த பெயர் நிர்பயா. நிர்பீக் என்றாலும் அதே பொருள்தான், அச்சமற்ற. நகைப்பெட்டி மாதிரி மெரூன் நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

அப்போதே பலர் இது இறந்த பெண்ணின் நினைவுக்கு அவமானம் என்று கண்டித்தார்கள். உணர்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பொருளாக மட்டும் இதைப் பார்ப்போம் என்று நினைத்தேன். பார்த்தால், பொருளாகவும் அது இடறுகிறது.

எடை கணக்கு

விளம்பரத்தின் மையமே எடைதான். ஹேண்ட்பேக்கில் அடங்கும், பெண்கள் சுலபமாகத் தூக்கலாம். சரி, கொஞ்சம் பத்தாம் வகுப்பு இயற்பியல்.

பாயின்ட் 32 குண்டின் எடை ஏறக்குறைய ஆறரை கிராம். வேகம் நொடிக்கு 200 மீட்டருக்குச் சற்று மேல். குண்டு முன்னால் போகும் அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வரும். கான்பூரின் பழைய பாயின்ட் 32 ரிவால்வர் சுமார் 700 கிராம். அதே தோட்டாவை 500 கிராம் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், பின்னுதைப்பின் ஆற்றல் 40 சதவீதம் கூடுகிறது. நியாயமாகச் சொன்னால், பாயின்ட் 32 சாதுவான தோட்டா. இந்த உதை யார் கையையும் முறித்துவிடாது. ஆனால் எடையைக் குறைத்தது சுடுபவருக்கு உதவவில்லை, சுமப்பவருக்குத்தான் உதவியது.

இதைவிடப் பெரிய சிக்கல் விசையில் இருக்கிறது. இந்த வகை ரிவால்வரில் சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் நேராக விசையை அழுத்தினால், அந்த ஒரே இழுப்பில் சுத்தியலும் பின்னால் போக வேண்டும், தோட்டா உருளையும் சுழல வேண்டும். அதற்குப் பொதுவாக நாலைந்து கிலோ விசை வேண்டும். அரை கிலோ பொருளை அதன் எடையைப் போல எட்டுப் பத்து மடங்கு விசையில் இழுக்கும்போது முனை ஆடாமல் இருக்குமா? ஆடும். குழல் வேறு குட்டை. கையில் சின்ன ஆட்டம், இலக்கில் பெரிய விலகல். பழகினால் சரிசெய்யலாம். பழக ரேஞ்சும், நூற்றுக்கணக்கில் தோட்டாவும் வேண்டும். லைசென்ஸிலோ வருடத்துக்கு இத்தனைதான் என்று தோட்டா எண்ணிக்கையைக் குறித்துத்தான் கொடுப்பார்கள்.

ரிவால்வருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, மறைக்கக் கூடாது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் திரும்ப விசையை அழுத்தினால் போதும், அடுத்தது வந்து நிற்கும். அதிகம் பழகாதவர்களுக்குப் பிஸ்டலைவிட ரிவால்வரைச் சொல்வது இதனால்தான். அந்தப் பரிந்துரை தப்பில்லை.

ஹேண்ட்பேக் கணக்கு

1983இல் டென்னிஸ் டியூல்லர் என்ற அமெரிக்கப் போலீஸ்காரர் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடி வரும் ஆள் 21 அடி தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை நொடிதான் ஆகும் என்பது அதன் சாரம். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அதே நேரம்தான் ஆகும்.

இடுப்பு உறையிலிருந்து. ஹேண்ட்பேக்கிலிருந்து இல்லை. என் மனைவியிடம் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை 7 நொடி, இன்னொரு தடவை 11. "இது என்ன விளையாட்டு?" என்று திட்டு வேறு. இது ஆராய்ச்சி இல்லைதான், ஆனால் பையில் அடங்குகிறது என்பதைச் சிறப்பாகச் சொல்லும் பொருளுக்கு இதுதானே முதல் சோதனை?

சட்டக் கணக்கு

1959 ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. கிடைத்தாலும், தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஆபத்து மட்டும் நடத்தை விதி முடியும்வரை காத்திருக்காது.

தற்காப்பில் ஒருவரைக் கொல்ல நேர்ந்தால் சட்டம் இடம் கொடுக்கிறது. பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் தாக்குதல் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. ஆனால் போலீசை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. இதை வைத்துக்கொண்டு பிரபல் என்ற அடுத்த ரிவால்வரைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் அதே கான்பூரில், ராணுவத் தளவாட ஆலைகளைப் பிரித்து உருவாக்கிய அரசு நிறுவனம் வெளியிட்டது. பெரிய பெருமையே 50 மீட்டர் பாயும் என்பதுதான். 50 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் எந்த நீதிபதி சும்மா விடுவார்? இதன் எடை 700 கிராம். ஒன்பது வருடம் கழித்து எடை பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

யாரிடமிருந்து?

என் முக்கியமான குறை இதுதான். அந்தப் பேருந்தில் இருந்தது ஆறு பேர், ஓட்டுநரும் அதில் ஒருவர். அது மூடிய வண்டி, உடன் வந்த நண்பரையே அடித்து வீழ்த்தினார்கள். அங்கே அரை கிலோ டைட்டானியம் என்ன செய்திருக்கும்? அந்தச் சம்பவத்தின் நினைவில் விற்ற பொருளால் அந்தச் சம்பவத்துக்கே பதில் சொல்ல முடியவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வருடாந்திர அறிக்கைகளில் பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி தெரிந்தவர். உறவு, பக்கத்து வீடு, வேலையிடம். அந்த ஆள் வீட்டுக்குள் வந்து காபி குடிப்பவர். துப்பாக்கி இருக்கும் பீரோவின் சாவி எங்கே என்றும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். 1993இல் அமெரிக்காவில் கெல்லர்மன் குழு வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் அபாயம் 2.7 மடங்கு என்றது. ஆபத்தில் இருப்பவர்கள்தானே துப்பாக்கி வாங்குகிறார்கள், எது காரணம் எது விளைவு என்று அதை விமர்சித்தவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும் துப்பாக்கி வந்த வீடு தானாகவே பாதுகாப்பாகிவிடும் என்று யாரும் காட்டிவிடவில்லை.

அவள் சொன்னது

இதையெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டாகப் போட்டு அவளுக்கு அனுப்பினேன். பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. "கணக்கெல்லாம் சரிண்ணா. வாங்க வேண்டாம்னு புரியுது. ஆனா அந்தப் பைக் நாளைக்கும் வந்தா என்ன பண்றதுன்னு உங்க ஷீட்ல ஒரு காலம்கூட இல்லையே?"

உண்மை. தப்பான தீர்வைத் தப்பு என்று நிரூபிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு, எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம் அது. பக் ரிப்போர்ட்டை மூடிவிட்டால் பக் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

அப்புறம் உட்கார்ந்து பேசினோம். அவளும் அதே ஷிப்டில் இருக்கும் மூன்று பெண்களும் சேர்ந்து, கேப் கேட்டில் இல்லை, வீட்டு வாசலில் இறக்க வேண்டும், உள்ளே போகும்வரை நிற்க வேண்டும் என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதலில் "பாலிசியில் இல்லை" என்றார்கள். நாலு பேரும் இரண்டாவது தடவை கையெழுத்துப் போட்டுக் கேட்ட பிறகு ஒத்துக்கொண்டார்கள். செலவு, வண்டிக்கு இன்னும் ஐந்து நிமிட டீசல். பைக் எண்ணைக் கொடுத்து ஸ்டேஷனில் எழுதிய புகாருக்கு இதுவரை பதில் இல்லை.

அவளுக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "இல்லை. ஆனா சாவியை கேப்ல இருக்கும்போதே கையில எடுத்து வச்சுக்கறேன்" என்றாள்.