பயணக் கையேடுகள் கூறாதவை

வெப்ப மண்டல நாடுகளுக்கு முதன்முறை செல்வோருக்கான கையேடுகள் பல, செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டுத் தருகின்றன. பட்டியல் தவறன்று, காரணத்தையும் காலக்கணக்கையும் விட்டுவிடுவதே குறை.

நீங்கள் உகாண்டா செல்வதாக வைத்துக்கொள்வோம். மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி கையேடு கூறும். ஆனால் ஊசி போட்டவுடன் உடலில் எதிர்ப்பாற்றல் தோன்றிவிடாது. ஆகவேதான் 10 நாள்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகிறது. புறப்படும் முதல் நாள் ஊசி போட்டுக்கொள்பவருக்கு இது தெரிய வேண்டாமா?

கொதித்த நீரையே பருகச் சொல்லும் கையேடு, பனிக்கட்டியை மறந்துவிடும். உறைவதால் கிருமிகள் அனைத்தும் மடிவதில்லை. சுமார் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள கம்பாலாவில் நீர் ஏறத்தாழ 96 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். அஞ்ச வேண்டாம், கிருமிகளைக் கொல்ல அவ்வெப்பம் போதும்.

மலேரியா விஷயத்தில் இக்குறை உயிருக்கே ஆபத்தாகலாம். தடுப்பு மாத்திரையாகத் தரப்படும் டாக்சிசைக்ளின், இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணிகளையே அடக்கும். கல்லீரலில் வளர்பவை அதற்குத் தப்பிவிடும். அவை பின்னர் இரத்தத்தில் இறங்கும்போதும் மருந்து அங்கே இருந்தாக வேண்டும். எனவே ஊர் திரும்பிய பின்னும் 4 வாரம் அதனை உட்கொள்ள வேண்டும். காரணம் அறியாதவர் வீட்டுக்கு வந்ததுமே நிறுத்திவிடுவார். மாத்திரை உட்கொண்டிருந்தாலும், திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், சென்ற நாட்டின் பெயரை மருத்துவரிடம் முதலில் கூறுங்கள்.

கையேடு வாங்குமுன் மலேரியாப் பகுதியைப் புரட்டுங்கள். மாத்திரையை எப்போது நிறுத்துவது, ஏன் என்று அதில் இல்லையெனில், அந்நூலை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள்.