பழனியின் இடக்கை

மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை அப்பி, உள்ளங்கையை அழுத்தி இழுத்தால் கும்மென்று ஒரு நாதம் எழும். கும்கி என்ற அந்த நாதத்துக்குப் பேர்போனவர் நம் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இடக்கைக்காரர். அவர் வாசித்தால் வயலின்காரர் பக்கம் மாறி உட்கார வேண்டும்; பலர் ஒப்பவில்லை, வாய்ப்புகள் நழுவின. வித்தை தந்தவர் தந்தை முத்தையா பிள்ளை. மேடை தந்தவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாடம் சொல்வதைவிட, பக்கத்தில் இடம் போட்டுக் கொடுப்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அதையே பழனியும் செய்தார். பதின்மூன்று வயதுச் சீடர் திருச்சி சங்கரனை, பாடகர்களான ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் தன்னோடு வாசிக்க வைத்தார். அந்தச் சீடர்தான் 1971-இல் கனடா போய், யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார்.