நாவின் பூட்டும் திறவுகோலும்

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019ஆம் ஆண்டில் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் நாவடக்கம் பற்றிப் பயான் செய்வோர், நாவுக்கும் ஒரு பூட்டு வேண்டும் என்னும் உவமையை விரும்பிக் கையாளுவதில் வியப்பில்லை. நாமும் பலமுறை கையாண்டிருக்கிறோம். ஆயினும் பூட்டு மூடுவதற்கு மட்டும் உரியதன்று; உரிய வேளையில் திறப்பதற்கும் உரியது. திறவுகோல் இல்லாத பூட்டை எவரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. மௌனத்தைப் பற்றித் தமிழில் நாம் பேசியும் எழுதியும் வருபவற்றில் அந்தத் திறவுகோல் தவறிப்போய்விட்டது என்பதே நம் மதிப்பீடு.

இவ்விஷயத்தில் பெரிதும் எடுத்தாளப்படுவது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ள ஒரு நபிமொழியாகும். அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர் நல்லதைப் பேச வேண்டும், அல்லாவிடில் மௌனம் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நம் உரைகளில் இரண்டாவது பகுதி விரிவான விளக்கம் பெறுகிறது. முதற்பகுதி அதற்கு முன்னுரைபோல் கடந்து செல்கிறது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் வைத்த வரிசை வேறு. நல்லதைப் பேசுதலே முதற்கடமை. பேச நல்லது இல்லாதபோது நாடுவதே மௌனம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யாவு உலூமித்தீன்' நாற்பது பாகங்களைக் கொண்டது. அதில் இருபத்துநான்காவது பாகம் நாவின் கேடுகள் இருபதினை வரிசைப்படுத்துகிறது. தனக்குத் தொடர்பில்லாததைப் பேசுவதே அவற்றுள் முதலாவது. இந்த இருபதையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லும் நாம், புறம்பேசுதலைக் கண்டிக்கும் இடத்திலேயே இமாமவர்கள் ஆறு விலக்குகளைத் தருவதை எடுத்துரைப்பது அரிது. அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதும், தீமையை அகற்ற உதவி கோருவதும், பிறரைத் தீங்கினின்று எச்சரிப்பதும் அவ்விலக்குகளில் அடங்கும். தீயதைப் பகிரங்கமாகப் பேசுவதை விரும்பாத இறைவன், அநீதி இழைக்கப்பட்டவரை அதிலிருந்து விலக்கியிருப்பதைத் திருக்குர்ஆனும் (4:148) கூறுகிறது. கேடுகளைப் போதித்து விலக்குகளை மறைப்பின், முறையிட வந்தவரையே புறம்பேசுபவர் என்று வாயடைத்துவிடுவோம்.

ஆன்மிக மௌனத்துக்கும் எல்லை உண்டு. மர்யம் (அலை) அவர்களின் மௌன நேர்ச்சையைத் திருக்குர்ஆன் (19:26) குறிப்பிடுகிறது. அவர் எது கூறினும் நம்பாத கூட்டத்தின் முன் அம்மௌனம் பொருளுடையதாயிற்று. ஆனால் நம் ஷரீஅத்தில் பேசாமையே தனியொரு வணக்கமாக வைக்கப்படவில்லை. ஹஜ்ஜின்போது பேசுவதில்லை என நேர்ந்துகொண்ட ஒரு பெண்மணியைக் கண்ட அபூபக்ர் (ரலி) அவர்கள், அது அறியாமைக் காலத்து வழக்கம் என்று கூறிப் பேசச் செய்த நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. மாறாக, ஜுமுஆ குத்பாவின்போது அருகிலிருப்பவரைப் 'பேசாதிரு' என்று அடக்குவதும் வீண்செயலாகும். இங்கே மௌனம் கேட்பதற்காக ஏற்பட்டது. எதற்காக மௌனம் என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

நம் தமிழ் ஞான இலக்கியமும் இதற்குச் சான்று. தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து 1838இல் சென்னையில் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களைத் தாயுமானவரின் வழிவந்தவராகத் திறனாய்வாளர் காட்டுவர். பராபரக்கண்ணி என்னும் பெயரும் வடிவமும் இருவருக்கும் பொது என்பது உண்மையே. தாயுமானவரின் மௌனத்தை மஸ்தான் சாகிபு அவர்களின் மேலும் ஏற்றிப் பேசுவதில்தான் நமக்கு உடன்பாடில்லை. அவருடைய பாடல்கள் பெரும்பாலும் முறையீடுகள்; அழுகையும் வாதாட்டமும் கெஞ்சலும் அவற்றில் நிறைந்துள்ளன. உலகத்தாரிடம் வாய்மூடிய துறவி இறைவனிடம் ஓயாது பேசினார். அவர் துறந்தது வீண்பேச்சினை மட்டுமே.

சட்ட நூலாரின் தெளிவு நம் பயான்களில் இல்லை. மௌனமாயிருப்பவர் மீது எந்தச் சொல்லையும் ஏற்றிக் கூறக்கூடாது என்பது ஃபிக்ஹ் விதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உஸ்மானியர் தொகுத்த 'மஜல்லா'வின் 67ஆம் விதி இதற்கு ஒரு தொடர்ச்சியைத் தருகிறது: பேசவேண்டிய தேவை உள்ள இடத்தில் மௌனமும் ஒரு கூற்றே ஆகும். கன்னிப் பெண்ணின் மௌனம் திருமணச் சம்மதமாகக் கொள்ளப்படுவது இதற்கு நாமறிந்த எடுத்துக்காட்டு. இவ்விதியை மாணவர்க்கு ஆண்டுதோறும் நடத்துகிறோம். அது நம்மையே சாட்சிக் கூண்டில் நிறுத்துவதை நாம் எண்ணிப்பார்த்ததில்லை.

திண்டுக்கல்லில் நம்மவர் பலருக்கு வாழ்வளித்த தொழில் தோல் பதனிடுதல். பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுவர். ஆலையில் முதல் ஊறலிலேயே அவ்வுப்பு நீரில் கரைந்து வெளியேறும். பிற கழிவுகளைப் போல் உப்பு சுத்திகரிப்பில் எளிதில் பிரிவதில்லை. குடகனாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் அது ஏறிவிட்டதை ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகத்தார் ஆய்ந்து எழுதியுள்ளனர். 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் பாலாற்றுக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியையும் வலியுறுத்தியது.

அந்த ஆண்டுகளில் நாம் நிகழ்த்திய பயான்களை நினைத்துப் பார்க்கிறோம். நாவடக்கம் பற்றி எத்தனையோ முறை பேசினோம். கிணற்று நீர் உவர்த்தது பற்றி ஒருமுறையும் பேசவில்லை. தேங்கிய நீரை அசுத்தப்படுத்தக் கூடாது என்னும் நபிமொழியை ஒளூவின் பாடத்தில் நடத்தினோம். ஊர்க் கிணற்றுக்கு அதைப் பொருத்திக் காட்டவில்லை. காரணங்கள் இல்லாமல் இல்லை. ஆலை மூடினால் கூலிக்காரர் அடுப்பு அணையும் என்ற அச்சம் பொய்யன்று. நம் குறையை நாமே சொன்னால் பிறர் அதை ஆயுதமாக்குவர் என்ற தயக்கமும் பொய்யன்று. பள்ளிக்கு வாரி வழங்கியவர்களின் முகம் பார்த்ததும் ஒரு காரணம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அதற்கு நாம் சூட்டிக்கொண்ட பெயர்தான் நாவடக்கம்.

கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தோர் தண்ணீருக்காகத் தம் பகுதியில் துளையிட முயன்ற உவமை புகாரியில் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறவில்லை. மேல்தட்டாரைத் தொல்லைப்படுத்தலாகாது என்பதே அவர்களின் எண்ணம். ஆயினும் மேல்தட்டார் தடுக்காமல் விட்டால் இரு சாராரும் அழிவர். கைபிடித்துத் தடுத்தால் இரு சாராரும் பிழைப்பர். தடுப்பது துளையிடுவோரின் நலத்துக்கும் உரியது. ஆலைக்காரரும் அவருடைய கூலிக்காரரும் அதே கிணற்று நீரையே குடிக்கின்றனர்.

ஆக, நாம் வேண்டும் உரைகல் எளியது. என் மௌனத்தால் அடங்குவது என் நஃப்ஸா, அழிவது பிறர் உரிமையா? கோபத்தில் எழும் சொல்லை விழுங்கினால் அடங்குவது நஃப்ஸ்; அது வணக்கம். சாட்சியத்தை விழுங்கினால் அழிவது பிறர் உரிமை; அத்தகையவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்கிறது திருக்குர்ஆன் (2:283). பேசும் முறைக்கும் வழிகாட்டல் உண்டு. ஃபிர்அவ்னிடம்கூட மென்மையாகப் பேசும்படியே மூஸா (அலை) அவர்களும் ஹாரூன் (அலை) அவர்களும் பணிக்கப்பட்டனர் (20:44). மென்மையாகப் பேசுங்கள் என்பதே கட்டளை, பேசாதிருங்கள் என்பதன்று.

வள்ளுவரும் அறத்துப்பாலில் அடக்கமுடைமையையும் பயனில சொல்லாமையையும் வைத்தவர், பொருட்பாலில் சொல்வன்மையையும் அவையஞ்சாமையையும் வைத்தார். இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும். இனி நாவடக்கம் பற்றிப் பேசும் ஆலிம்கள் பூட்டோடு திறவுகோலையும் மாணவர் கையில் கொடுப்பார்களாக. பிந்தியேனும் நாம் இதை எழுதியதை வல்ல அல்லாஹ் ஏற்று, நாம் வாய்திறவாதிருந்த காலத்துக்காக நம்மை மன்னிப்பானாக.