ஃபோர்க்கில் ஏற மறுத்த வளையம்

ஹேண்டிலை இடமும் வலமும் மெல்லத் திருப்பும்போது, சக்கரம் நேராக நிற்கும் நிலையில் மட்டும் அது ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல் ஒரு கணம் சிக்கி, பிறகு விடுபட்டுத் திரும்புமானால், அந்தச் சைக்கிளின் ஹெட்செட், அதாவது ஃபோர்க்கைத் தாங்கித் திரும்பவிடும் குண்டு வளையத் தொகுதி, தன் ஆயுளை முடித்துக்கொண்டது என்று அறியலாம். குண்டுகுழிகளில் வண்டி மோதும் அதிர்ச்சியால் பால்ரஸ் குண்டுகள் வளையத்தில் பதிந்துவிடுகின்றன என்பதே இதைப்பற்றிய பொதுவான அபிப்பிராயம். ஆனால் 1981-இல் ‘தி பைசைக்கிள் வீல்’ என்ற நூலை வெளியிட்ட பொறியியலாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் அதை மறுத்தார். நேரே ஓடும் வண்டியில் ஃபோர்க்கின் தண்டு சூக்ஷ்மமாக வளைந்து வளைந்து நிமிர்வதால், குண்டுகள் உருள இடமின்றி ஒரே புள்ளியில் உராய்ந்து, நடுவிலுள்ள கிரீஸை அப்புறப்படுத்திவிட்டு உலோகத்தை அரிக்கின்றன என்பது அவர் காட்டிய காரணம். என் பழைய எஃகுச் சைக்கிளின் அடிவளையத்தைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, முன்புறத்திலும் பின்புறத்திலும் மட்டும் தழும்புகள் வரிசையாக நிற்க, பக்கங்கள் பளபளப்புக் குன்றாமல் இருந்ததைக் கண்டு, அவர் சொன்னதன் உண்மை எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

புதிய ஹெட்செட்டில் மற்ற பாகங்களெல்லாம் ஒருவாறு இணங்கிவிட, ஃபோர்க்கின் தோளில் உட்காரவேண்டிய அந்த அடிவளையம், கிரவுன் ரேஸ் என்று சொல்வார்களே, அது மட்டும் கால் பங்குகூட இறங்கவில்லை. “நாலு தட்டுத் தட்டினா தானா உட்கார்ந்துடும் சார்” என்று விற்றவர் சொல்லியிருந்தார். நல்லவேளையாக, சுத்தியலை எடுப்பதற்கு முன்னால் வெர்னியரை எடுத்தேன். ஃபோர்க்கின் ஆசனம் 27.1 மில்லிமீட்டர், வளையத்தின் துளையோ 26.4. ஓர் அங்குலத் தண்டுகளில் சர்வதேசப் பிரமாணம் 26.4 என்றும் ஜப்பானியப் பிரமாணம் 27.0 என்றும் இரண்டு வகைகள் உண்டு. பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை போலவே இருக்கும். இறுக்கம் இந்த வேலைக்கு அவசியமானதுதான். ஆசனத்தைவிட வளையம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் சிறியதாக இருந்தால்தான் அது அசையாமல் பற்றி நிற்கும். ஆனால் 0.7 என்பது இறுக்கமன்று, பொருத்தமின்மை. கடினப்படுத்திய எஃகு அவ்வளவு விரியாது. தட்டிக்கொண்டே போனால் வெடித்துவிடும். பெரிய ஆசனத்தைச் சீவிக் குறைக்கும் வெட்டுக்கருவி உண்டாயினும், ஒரு வளையத்துக்காக அதை வாங்குவது நியாயமாகத் தோன்றவில்லை. 27.0 வளையத்தோடு கூடிய வேறு செட்டைத் தேடி வாங்கினேன்.

வளையத்தைக் கொதிநீரில் இட்டால் விரிந்து தானே இறங்கிவிடும் என்று சொல்பவர்கள் பலர். எஃகு ஒரு டிகிரி உஷ்ணத்துக்குத் தன் அளவில் லட்சத்தில் 1.2 பங்கு விரியும். எழுபது டிகிரி ஏற்றினாலும் 27 மில்லிமீட்டர் வளையம் 0.02 அளவுக்குத்தான் அகலும். அது நமக்கு வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு. உபகாரம்தான், ஆனால் தட்டாமல் தீராது.

தட்டுவதற்கு இரண்டு சாதனங்களைப் பரீட்சித்தேன். ஒன்று, இதற்கென்றே விற்கப்படும் எஃகுக் குழல். சுமார் 2,000 ரூபாய். தலையில் தடித்த மூடியும், வெவ்வேறு அளவுகளுக்கு அலுமினிய வளையங்களும் கொண்டது. மற்றொன்று, தண்ணீர்க் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டித் தரச்சொல்லி வாங்கிய ஓர் அங்குல ஜி.ஐ. பைப். அந்தப் பைப்பின் உள்விட்டம் 27 மில்லிமீட்டருக்குச் சற்றே மேற்பட்டது, ஃபோர்க் தண்டு 25.4, இந்த வேலைக்கென்றே வார்த்தாற்போன்ற அளவு. குழாயின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் பற்றவைப்பு முண்டை அரத்தால் தேய்த்து, வெளி விளிம்பையும் சரித்துவிட்டால், குழாயின் வாய் வளையத்தின் உள் உதட்டில் மட்டும் படியும். இதுவே இந்தக் காரியத்தின் ஜீவநாடி. குண்டு உருளும் பாதையில் ஓர் அடி விழுந்தாலும் புதிய வளையம் பழையதாகிவிடும். விலைகொடுத்து வாங்கிய குழலின் ஓர் அங்குல வளையமோ, மையைத் தடவி வைத்துப் பார்த்தபோது, குண்டுப் பாதையின் ஓரத்தைத் தொட்டது. ஆகவே இந்த ஃபோர்க்குக்கு அதை ஒதுக்கிவிட்டேன்.

ஆசனத்தின் பிசிர்களை உப்புத்தாளால் நீக்கி, மெல்லிய கிரீஸ் பூசி, ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை நிறுத்தி அதன்மேல் தோளின் அடிப்பாகம் தங்கும்படி வைத்தேன். கால் நுனிகளைத் தரையில் ஊன்றித் தட்டினால் அவை வளைந்துபோகும். வளையத்தைக் குண்டுப் பாதை மேல்நோக்கும்படி இட்டுக் குழாயை மாட்டி, மேல்வாயில் ஒரு பலகைத் துண்டை வைத்துத் தட்டினேன். முதல் அடியில் வளையம் ஒரு பக்கம் சாய்ந்தது. உடனே நிறுத்தி, உயர்ந்த பக்கத்தை இலேசாகத் தட்டிச் சமப்படுத்திய பிறகே தொடர்ந்தேன். சாய்வோடு இறக்கினால் ஆசனத்தின் உலோகம் சீவப்பட்டுவிடும். ஐந்தாறு அடிகள் வரையில் மந்தமாக ஒலித்த சத்தம், திடீரென்று கோயில் படிக்கல்லைத் தட்டினாற்போல் கெட்டியாக மாறிற்று. வளையம் அடி சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. செய்தித்தாளின் ஒரு கீற்றைச் சுற்றிலும் செருகிப் பார்த்தேன், எங்கும் நுழையவில்லை.

பிறகு ஒரு நண்பரின் நவீன வண்டியில், 28.6 மில்லிமீட்டர் தண்டும் 30 மில்லிமீட்டர் ஆசனமும் கொண்ட ஃபோர்க்கில் முயன்றபோது, நிலைமை தலைகீழாயிற்று. அடுத்த அளவான ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்பின் உள்விட்டம் 36 மில்லிமீட்டர். அது உள் உதட்டைத் தாண்டி பேரிங் உட்காரும் சரிவிலேயே விழும். அங்கே விலைக்கு வாங்கிய குழலின் அலுமினிய வளையம் கச்சிதமாகப் படிந்து, நான்கே அடிகளில் வேலையை முடித்தது. பழைய எஃகுச் சைக்கிள் ஒன்றே வைத்திருப்பவர் ஜி.ஐ. பைப்போடும் ஓர் அரத்தோடும் நிம்மதியாகச் செய்துகொள்ளலாம். வீட்டில் புதியவகை வண்டிகளும் இருந்தால் அந்த 2,000 ரூபாயைச் செலவிடத் தயங்கவேண்டாம், மை தடவிப் பார்ப்பதை மட்டும் மறக்காமல்.

மாலையில் புதிய குண்டுகளைக் கிரீஸில் பதித்து, மேல்நட்டை 32 மில்லிமீட்டர் ஸ்பானரால் இறுக்கி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தேன். ஹேண்டில் எங்கும் சிக்காமல், தன் பாரத்தாலேயே மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.